அடுத்தவர் தோளுக்குத் தைத்த பட்டு

ஸ்பெயினில் மணிலா சால்வை என்று ஒன்று இருக்கிறது. பெரிய சதுரப் பட்டு. நான்கு ஓரத்திலும் முழ நீளத்துக்குக் குஞ்சம். நடுவெல்லாம் ஊசிவேலையில் பூவும் பறவையும். பிளமெங்கோ ஆடுகிறவர்கள் அதைச் சுழற்றி வீசும்போது அந்த ஊர் மண்ணிலேயே முளைத்த சரக்கு என்றுதான் தோன்றும். தைத்தது சீனத்தின் கேண்டனில். மணிலாவில் கப்பல் மாறியது, அவ்வளவுதான். கேண்டன் பெண்கள் அப்படி ஒரு குஞ்சச் சால்வையைப் போர்த்திக்கொண்டு தெருவில் போகிற வழக்கம் கிடையாது. தைத்தவர் வீட்டில் யாருக்கும் உதவாத, வாங்குகிறவரின் தோளை மட்டும் நினைத்துத் தைத்த பட்டு.

ஆற்றுமுகமும் மீன்பிடித் துறையும் அரிக்கமேட்டு மாந்தோப்புமாக இருக்கிற, புதுச்சேரிப் பக்கத்து வீராம்பட்டினத்தில் உட்கார்ந்துகொண்டு இதைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? நிறையவே இருக்கிறது. அவ்வப்போது குறித்து வைத்ததை வரிசை பார்க்காமல் தருகிறேன்.

*

முதலில் பழைய கணக்கு. கி.பி. முதல் நூற்றாண்டில் கிரேக்க மொழியில் எழுதப்பட்ட ‘எரித்திரியக் கடலின் பெரிப்ளூஸ்’ என்ற கடல்வழிக் கையேட்டில் பட்டு வரும் பாதை இருக்கிறது. தொலைவில் சீனத்தின் உள்நாட்டில் ஒரு பெரிய நகரம்; அங்கிருந்து பட்டுப் பஞ்சும் நூலும் துணியும் பாக்திரியா வழியாகத் தரைமார்க்கமாகப் பரூச்சுக்கும், கங்கை வழியாகத் தமிழகத்துக்கும் போகின்றன என்கிறது. அதே கையேடு இந்தக் கரையின் துறைகள் மூன்றைப் பெயர் சொல்லிக் குறிக்கிறது: காமரா, பொதுகே, சோபட்மா. பொதுகே என்பது அரிக்கமேடுதான் என்பது ஆய்வாளர்கள் பெரும்பாலோர் ஒப்புக்கொண்ட முடிவு. ஆக, மேற்கத்திய வாடிக்கையாளரைத் தேடிச் சீனப் பட்டு தமிழ்க் கரைப்பக்கம் வருவது, ஐரோப்பியக் கம்பெனிகள் பிறப்பதற்கு ஆயிரத்தைந்நூறு வருஷம் முன்பே தொடங்கிய வியாபாரம்.

பட்டு மண்ணுக்குள் நிற்காது. கடலோர ஈரமண் என்றால் கேட்கவே வேண்டாம். 1945-இல் மார்ட்டிமர் வீலர் அரிக்கமேட்டைத் தோண்டியபோது கிடைத்தவை ரோமானிய மதுச்சாடித் துண்டுகள், இத்தாலியில் சுட்ட சிவப்பு மட்பாண்டம், மணிகள், செங்கல் தொட்டிகள். அந்தத் தொட்டிகள் மஸ்லினுக்குச் சாயம் ஏற்றியவை என்று வீலர் கருதினார். பிற்காலத்துச் சீனப் பச்சை மெருகுப் பாண்டங்களின் ஓடுகளும் அதே மேட்டில் கிடைத்திருக்கின்றன. ஓடு உடைந்த பிறகும் சாட்சி சொல்லும். துணி மக்கினால் சாட்சியும் சேர்ந்து மக்கிவிடும். துணியின் வரலாற்றை எழுதுகிறவர்கள் கணக்குப் புத்தகத்தையும் கடிதத்தையும் நம்பிக் காலம் தள்ளுவது அதனால்தான்.

*

அரிக்கமேட்டில் இன்று கண்ணில் படுகிற பெரிய இடிபாடு ரோமானியர் கட்டியதென்று நினைத்துப் படம் எடுத்துப் போகிறவர்கள் உண்டு. அது 18-ஆம் நூற்றாண்டுக் குருமாணவர் பள்ளி. கதையும் ரோமாபுரிக் கதையைவிடச் சுவையானது.

பாரிஸ் அயல்நாட்டு மறைப்பணிச் சபை சயாமின் அயுத்தயாவில் ஒரு குருமாணவர் பள்ளி நடத்தி வந்தது. 1760-களில் பர்மியப் படை சயாமுக்குள் புகுந்ததும் பள்ளி அங்கிருந்து கிளம்பி, இன்றைய வியட்நாமின் தென்கோடியில் ஹா தியென் பக்கம் போய் ஒதுங்கியது. அங்கும் சண்டை துரத்தியது. பிக்னோ தெ பெஹேன் என்ற இளம் பாதிரியார் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மலாக்கா வழியாக 1770-இல் புதுச்சேரி வந்து சேர்ந்தார். பள்ளி வீராம்பட்டினத்தில் மறுபடி தொடங்கியது. சீனர், சயாமியர், வியட்நாமியர் என்று கலந்த மாணவர் கூட்டம். இங்கே இருந்த காலத்தில்தான் பிக்னோ ஒரு வியட்நாமிய–லத்தீன் அகராதியைத் தொகுத்தார். 1774-இல் மயிலாப்பூரில் அவருக்கு ஆயர் பட்டம் கட்டினார்கள். சீனத்துப் பிள்ளைகளும் இங்கத்து மீனவப் பட்டினவர் பிள்ளைகளும் ஒரே ஆற்றில் குளித்திருப்பார்கள். நம் ஊர்க் கதைகளில் அதைப் பற்றி ஒரு வரியும் ஏறவில்லை.

பூசை உடுப்பு என்று வரும்போதுதான் பட்டு உள்ளே வருகிறது. மக்காவ், மணிலா, கோவா தொடங்கி லிஸ்பன் வரை, அந்தக் காலத்துக் கோயில்களில் குருமார் அணிந்த மேலங்கிகளில் ஒரு பகுதி சீன ஊசி தைத்தது. வடிவம் ஐரோப்பாவுடையது, சிலுவை, கிண்ணம், திராட்சைக் கொடி எல்லாம் வரைந்து அனுப்பியபடி. ஆனால் ரோஜா வரைந்து அனுப்பினால் பியோனி வந்து சேரும். திராட்சைக் கொடிக்கு நடுவே யாரும் கேட்காத ஒரு பீனிக்ஸ் எட்டிப் பார்க்கும். இருதலைக் கழுகு போட்ட பட்டுவிரிப்புகள் மக்காவிலிருந்து போர்ச்சுகலுக்கும் ஸ்பெயினுக்கும் போயின. அங்கே அது அரச வம்சத்துச் சின்னம், அகுஸ்தீன் சபையின் சின்னமும்கூட. நம்மூர் ஸ்தபதி பார்த்தால் கண்டபேருண்டம் என்பார்.

*

லெ ஜாந்தீல் என்ற பிரெஞ்சு வானியலாளரைப் பலருக்கும் தெரிந்திருக்கும். சூரியனை வெள்ளி கடப்பதைப் பார்க்க வந்து, 1769 ஜூனில் புதுச்சேரி வானம் மேகம் போட்டதால் ஏமாந்தவர். ஊர் திரும்பினால் அங்கே அவரைச் செத்தவர் கணக்கில் எழுதிச் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். நமக்கு வேண்டியது வேறு. 1768-இல் அவர் புதுச்சேரிக்கு வந்தது மணிலாவிலிருந்து. இங்கே இருந்தபோது வீராம்பட்டினத்து ஆற்றோரத்தில் பழைய செங்கல் சுவர்களைப் பார்த்துக் குறித்து வைத்தார். அரிக்கமேட்டைப் பற்றி ஐரோப்பியர் எழுதிய முதல் குறிப்புகளில் ஒன்று, மணிலாக் கப்பலில் வந்த ஆள் எழுதியது.

*

மணிலா. இந்த ஊரைப் புரிந்துகொள்ளாமல் நம் கரையின் 18-ஆம் நூற்றாண்டு புரியாது.

1565 முதல் 1815 வரை மணிலாவிலிருந்து மெக்சிக்கோவின் அகாபுல்கோவுக்குக் கப்பல் போய்வந்தது. போகும்போது சீனப் பட்டு, வரும்போது வெள்ளி. சீனப் பட்டோடு அதே கப்பலின் வயிற்றில் சோழமண்டலத்துப் பருத்தித் துணியும் ஏறியது. சென்னையிலிருந்தும் புதுச்சேரியிலிருந்தும் மணிலாவுக்குத் துணி போனது. ஆனால் ஸ்பெயின்காரர்கள் ஆங்கிலக் கொடியையும் பிரெஞ்சுக் கொடியையும் துறைக்குள் விடமாட்டார்கள். அதனால் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆர்மீனியர் பேரிலும் முஸ்லிம் வணிகர் பேரிலும் போர்ச்சுகீசியர் பேரிலும் கப்பலை அனுப்பினார்கள். சரக்கு யாருடையது என்று மணிலா அதிகாரிகளுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்தும் தெரியாததுபோல இருப்பதற்கு ஒரு விலை இருந்தது.

சென்னையின் ஆர்மீனிய வணிகர் கோஜா பெட்ரஸ் உஸ்கான் மணிலா வியாபாரத்தில் பணம் சேர்த்தவர். 1726-இல் அடையாற்றின் குறுக்கே மர்மலாங் பாலத்தைத் தன் பணத்தில் கட்டினார். அந்தப் பாலத்தில் சைதாப்பேட்டையைக் கடந்தவர்கள் ஒருவிதத்தில் அகாபுல்கோ வெள்ளியின் மேல் நடந்தவர்கள் என்று சொன்னால் பெரிய பொய் ஆகாது. புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்களுக்கு ரூபாய் அடிக்கும் உரிமை 1736-இல் ஆற்காட்டு நவாபிடமிருந்து கிடைத்தது. அச்சடிக்க வெள்ளி வேண்டும். ஸ்பானிய வெள்ளி நாணயங்களை உருக்கித்தான் இங்கே ரூபாய் ஆனது. அந்த வருஷம் தொடங்குகிற ஆனந்தரங்கப் பிள்ளை நாட்குறிப்பைப் புரட்டினால் மணிலாக் கப்பல், சீனக் கப்பல், மோக்கா கப்பல் என்று வந்துகொண்டே இருக்கும். கப்பல் வருமா, பணம் வருமா என்ற கவலைதான் அந்த நாட்குறிப்பின் அடிநாதம் என்று எனக்குத் தோன்றும். அரசியல் அதன் மேல் மிதக்கிறது.

1762-இல் சென்னையிலிருந்து போன ஆங்கிலப் படை மணிலாவைப் பிடித்தது. படையோடு போன சிப்பாய்களில் சிலர் திரும்பவில்லை. மணிலாவுக்குப் பக்கத்தில் கைந்தா என்ற ஊரில் தங்கிப் பெண் கட்டிக் குடும்பமானார்கள்.

*

புதுச்சேரிக்குத் துறைமுகம் கிடையாது, அன்றைக்கு. கப்பல் ஆழக்கடலில் நங்கூரம் போட்டு நிற்கும். அங்கிருந்து கரைக்கு ஆளும் சரக்கும் வருவது சலங்கில். பலகைகளைக் கயிற்றால் தைத்துச் செய்த படகு. ஓர் ஆணி இருக்காது. ஆணி அடித்த படகு இந்த அலையில் மோதினால் பிளந்துவிடும். தைத்த படகு வளைந்து கொடுக்கும். பலகைக்கும் பலகைக்கும் நடுவே நார் வைத்து இழுத்துத் தைப்பார்கள். தையல் தளர்ந்தால் அவிழ்த்து மறுபடி தைப்பார்கள். துடுப்புப் போட்டவர்கள் கரையோர மீனவர்கள். கவர்னரும் அவர்கள் கையை நம்பித்தான் கரையேறினார்.

கரைக்கு வந்த பட்டு எதுவானாலும் இப்படித் தையலின்மேல் தையலாய் வந்து இறங்கியது. மேலே கேண்டன் தையல், கீழே கயிற்றுத் தையல். மேலே உள்ளதற்கு லண்டனிலும் மத்ரீதிலும் அருங்காட்சியகம் இருக்கிறது. கீழே உள்ளதைத் தைக்கத் தெரிந்த கை இன்று பட்டினத்தில் அரிது. 1866-இல் இரும்புப் பாலம் கடலுக்குள் நீண்டதும் சலங்கின் வேலை குறையத் தொடங்கியது. அந்தப் பாலத்தையும் 1952 புயல் கொண்டுபோனது.

*

கேண்டன் பட்டறைகளைப் பற்றி.

ஊசிவேலை என்றால் பெண்கள் வேலை என்று நினைத்துக்கொள்கிறோம். கேண்டனில் ஏற்றுமதிக்குத் தைத்தவர்களில் பெரும்பாலோர் ஆண்கள். 1793-இல் தங்களுக்கென்று தொழிற்சங்கமே வைத்துக்கொண்டார்கள். 1757-க்குப் பிறகு சீன அரசு மேற்கத்தியக் கப்பல்களுக்குக் கேண்டனை மட்டும் திறந்து வைத்ததால், வெள்ளைக்காரர் கேட்ட சில்லறைச் சாமான் எல்லாமே அந்த ஒரு ஊரில் குவிந்தன: விசிறி, மெருகுப் பெட்டி, பீங்கான், சுவர்க் காகிதம், சால்வை. கம்பெனி கணக்கில் தேயிலைதான் பெரிது. பூத்தையல் பட்டு பெரும்பாலும் கப்பல் அதிகாரிகளின் சொந்தக் கணக்கில் போனது. அவரவர் பதவிக்கு ஏற்ப இவ்வளவு இடம் சொந்தச் சரக்குக்கு என்று கப்பலில் ஒதுக்கியிருப்பார்கள். சின்னதாக மடியும், விலை கூடும், கெடாது என்பதால் பட்டு அந்த இடத்துக்கு எடுப்பான சரக்கு.

வேலை எப்படி என்றால், மரச்சட்டத்தில் பட்டை முறுக்காக இழுத்துக் கட்டுவார்கள். நூல் முறுக்கேறாத பட்டிழை. அதை நகத்தால் பிரித்துப் பிரித்து, முடியளவு மெலிசாக்கி ஊசியில் கோப்பார்கள். முறுக்கு இல்லாததால் வெளிச்சம் இழையின்மேல் வழுக்கிக்கொண்டு போகும். ஒரே சிவப்பு நூலில் தைத்த இதழ், தையலின் திசை மாறுகிற இடத்தில் வேறு சிவப்பாகத் தெரியும். சாயக்காரர் கொடுக்காத நிழலை ஊசிக்காரர் கொடுத்துவிடுகிறார். நல்ல சால்வையில் முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்று சொல்ல முடியாது. இரண்டு பக்கமும் ஒன்றுபோலவே இருக்கும்.

பொன்னிழையில்தான் நம்முடைய வழியும் அவர்கள் வழியும் பிரிகின்றன. காஞ்சிபுரத்து ஜரிகை, பட்டுநூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியது. சீனப் பொன்னிழை, காகிதத்தில் தங்க ரேக்கை ஒட்டி, மெல்லிய நாடாவாக நறுக்கி, நூலின்மேல் சுற்றியது. காகிதம் என்பதால் துணிக்குள் குத்தி இழுக்க முடியாது, கிழியும். துணியின் மேலேயே படுக்கவைத்து, சிவப்புப் பட்டு நூலால் இங்கங்கே பிடித்துத் தைப்பார்கள். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தால், தங்கம் தேய்ந்த இடத்தில் காகிதம் எட்டிப்பார்க்கும். சீனச் சரக்கா என்று தெரிந்துகொள்ள நான் முதலில் தேடுவது இதைத்தான்.

சால்வையின் குஞ்சம் மட்டும் தனிக் கதை. 19-ஆம் நூற்றாண்டில் ஸ்பெயின்காரிகளுக்குக் குஞ்சம் நீளமாக வேண்டியிருந்தது. செவியா பக்கத்தில் கான்டில்லானா போன்ற ஊர்களில் பெண்கள் வீட்டில் உட்கார்ந்து குஞ்சம் முடிந்து முடிந்து அதை ஒரு தொழிலாகவே ஆக்கிக்கொண்டார்கள். பிறகு பூத்தையலையும் கற்றுக்கொண்டார்கள். அந்த முடிச்சுகளின் படத்தைப் பார்த்தால், நம் கரையில் வலைக்கு விளிம்பு கட்டுகிறவர் இதையெல்லாம் தூங்கிக்கொண்டே போடுவாரே என்று தோன்றும்.

*

ஊரில் ஆரி வேலை செய்கிற ஒரு பெண்ணிடம் கைப்பேசியில் மணிலா சால்வைப் படம் காட்டினேன். கல்யாண பிளவுஸ்களுக்குத் தைக்கிறவர். பூவைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை.

“பின்பக்கம் இருக்காண்ணா?”

காட்டினேன்.

“ரெண்டு பக்கமும் இதே மாதிரியா? அப்ப முடிச்ச எங்க போட்டாங்க?”

சரியான கேள்வி. முடிச்சே போடுவதில்லை. நூல் நுனியைப் பூவுக்குள் வரப்போகும் இடத்தில் இரண்டு மூன்று பொடித் தையலாகப் பிடித்து, மேலே தைத்து மறைத்துவிடுவார்கள் என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன்.

“ஆரில இது வராது. ஊசிலதான் வரும். ஆரின்னா கீழ நூல் ஓடும், மேல சங்கிலி வரும், ஒரு பக்கம்தான்.” கொஞ்ச நேரம் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, “இது யாரு போட்டுக்கறது?” என்றார்.

சீனாவில் தைத்து ஸ்பெயினுக்குப் போவது என்றேன்.

“எனக்கும் அப்படித்தாண்ணா. சென்னையிலேருந்து வாட்ஸ்அப்ல டிசைன் வரும். பிளவுஸ் யாருதுன்னே தெரியாது. அளவு மட்டும்தான் தெரியும்.”

அவர் தைக்கிற தையல்களில் ஒன்றை இங்கே எல்லாரும் ‘பிரெஞ்ச் நாட்’ என்கிறார்கள். அதன் நெருங்கிய உறவான சீனத்து முடிச்சுத் தையலைப் பிரெஞ்சுக்காரர்கள் பீக்கிங் பேரால் அழைக்கிறார்கள். ஆளாளுக்கு அடுத்த ஊரைக் கைகாட்டுகிறார்கள்.

*

வாங்குகிறவர் கேட்டபடி தைப்பது, நெய்வது, எழுதுவது. இதில் சீனாவுக்கு நாம் இளைத்தவர்கள் இல்லை.

1643-இல் லண்டன் கம்பெனி இயக்குநர்கள் சூரத்துக்கு ஒரு கடிதம் எழுதினார்கள். நீங்கள் அனுப்பும் போர்வைகள் இருண்ட சிவப்புத் தரையில் வருகின்றன, இங்கே விலைபோகவில்லை. வெள்ளைத் தரையில் கிளையும் பூவும் நிறமாக இருக்கட்டும் என்பது அதன் சாரம். அந்தக் கேட்பு மெதுவாக நம் கரைக்கும் வந்தது. பாறையிலிருந்து எழும்பி, ஒரே மரத்தில் நூறு வகைப் பூப் பூக்கும் அந்தப் புகழ்பெற்ற சோழமண்டல விரிப்பு இப்படி உருவானதுதான். பாறை சீனப் படங்களில் இருப்பது, பூ ஐரோப்பியத் தோட்டத்துக் கனவு, சாயமும் கையும் இங்கத்தியது. தமிழ்நாட்டில் எந்த வீட்டிலும் அதன்மேல் யாரும் படுத்ததில்லை. பிறகு 18-ஆம் நூற்றாண்டில் கேண்டன் பட்டறைகள் அதே மரத்தைப் பட்டில் ஊசியால் தைத்து ஐரோப்பாவுக்கு அனுப்பின. சீனப் பாறை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, இந்திய மரத்தைச் சுமந்துகொண்டு சீனாவுக்கே போய்ச் சேர்ந்தது.

இந்த வியாபாரத்தை நிறுத்தவும் பார்த்தார்கள். பிரான்ஸ் 1686-இல் வண்ணம் எழுதிய, அச்சிட்ட பருத்தித் துணியைத் தடை செய்தது. தடை 1759 வரை இருந்தது. இங்கிலாந்தில் 1701 முதல் இந்திய, சீன, பாரசீகப் பட்டு உடுத்தக்கூடாது என்று சட்டம். காரணம் சொந்த ஊர் நெசவாளர்களின் கூப்பாடு. சட்டம் போட்டதும் அந்தத் துணிகளுக்கு மவுசு ஏறியது. வெர்சாயில் சட்டம் போட்ட அதே வட்டாரத்தில் அதே துணியை உடுத்தினார்கள்.

தடை ஒரு பக்கம் இருக்க, சாயத்தின் இரகசியத்தைத் தெரிந்துகொள்ளும் வேலை புதுச்சேரியில் நடந்தது. 1734 வாக்கில் போலியே என்ற கடற்படை அதிகாரி, சாயம் எழுதும் ஒவ்வொரு கட்டத்திலும் துணியில் ஒரு துண்டை வெட்டி எடுத்து, குறிப்போடு பிரான்ஸுக்குக் கொண்டுபோனார். அந்தத் துண்டுகள் பாரிஸில் இன்னும் இருக்கின்றன. 1742-இல் இயேசு சபைப் பாதிரியார் கேர்தூ, ஞானஸ்நானம் பெற்ற சாயத் தொழிலாளர்களிடம் கேட்டுத் தெரிந்துகொண்டதை விளக்கமாகக் கடிதம் எழுதினார். கடுக்காய் எங்கே, பால் எங்கே, சாயவேர் எங்கே என்று படிப்படியாக. மொழியியல் ஆட்கள் கேர்தூவைச் சமஸ்கிருதத்துக்கும் லத்தீனுக்கும் உறவு கண்டவர் என்று கொண்டாடுகிறார்கள். துணிக்காரர்களுக்கு அவர்மேல் கொண்டாட்டத்தைவிட வருத்தம்தான் அதிகம் இருக்கவேண்டும். தடை நீங்கிய மறுவருஷமே, 1760-இல், ஓபர்காம்ப் பாரிஸ் பக்கத்தில் ஜூயி என்ற ஊரில் துணி அச்சடிக்கத் தொடங்கிவிட்டார்.

*

சீனத்து மெருகு மடிப்புத் தட்டிகளுக்கு ஐரோப்பாவில் ‘கோரமாண்டல்’ தட்டி என்று பேர். நம் கரையின் கம்பெனிக் கிடங்குகள் வழியாகப் போனதால். நம் கரையில் அதில் ஓர் ஆணியும் அடிக்கவில்லை.

*

வாங்குகிறவர் ஐரோப்பியராகவே இருக்கவேண்டும் என்றில்லை. பம்பாய்ப் பார்சிகளும் கேண்டனுக்குப் போனார்கள். 1756-இல் ஹிர்ஜி ஜீவன்ஜி ரெடிமணி போனதாகச் சொல்லி அந்த வரிசையைத் தொடங்குவார்கள். போனவர்கள் அபினும் பருத்தியும் விற்றார்கள்; வரும்போது வீட்டுப் பெண்களுக்குச் சீனப் பூத்தையல் பட்டைக் கொண்டுவந்தார்கள். புடவை நீளத்துக்கு, நான்கு பக்கமும் கரை வைத்துத் தைக்கச் சொல்லி வாங்கியதுதான் ‘கரா’. நாரை, பியோனி, பாலம், குடை பிடித்த மனிதர், மண்டபம் எல்லாம் அதில் உண்டு. பார்சிப் பெண்கள் அவற்றுக்கு வைத்த பேர்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். உருண்டைப் புள்ளி வைத்த வேலைக்குக் ‘கண்டா பப்பேட்டா’: வெங்காயம் உருளைக்கிழங்கு. சீன மங்கலச் சின்னங்கள் பம்பாய்ச் சமையலறைக்குள் வந்து குடியேறிவிட்டன. பின்னாளில் சீன வியாபாரிகள் மூட்டையோடு தெருத்தெருவாகப் பட்டு விற்றார்கள். சென்னையில் சைனா பஜார் என்ற பேர், சாலைக்கு நேதாஜி பேர் வைத்த பிறகும் போகவில்லை.

கராவுக்கும் மணிலா சால்வைக்கும் ஒரு வித்தியாசம். கராவை வாங்கியவர்கள் பேத்திக்கு வைத்தார்கள். ஐரோப்பாவில் ஃபேஷன் மாறியதும் பல சால்வைகள் பியானோவுக்கு மேல் விரிப்பாகி, திரையாகி, கடைசியில் மெத்தை உறையாகின.

*

இன்றைக்கு வருகிறேன். பாரிஸின் புகழ்பெற்ற லெசாழ் பூத்தையல் குடும்பத்தைச் சேர்ந்த ழான் பிரான்சுவா லெசாழ் 1990-களில் சென்னையில் பட்டறை தொடங்கினார். பிரெஞ்சு அரண்மனைகளுக்கான திரைகளும் கட்டில் விரிப்புகளும் இங்கே தைக்கப்பட்டுப் போகின்றன. 2023 மார்ச்சில் டியோர் தன் ஆடைக் காட்சியை மும்பை கேட்வே ஆஃப் இந்தியா முன்னால் நடத்தி, தனக்குப் பூத்தையல் செய்துதரும் சாணக்யா பட்டறையின் பேரை வெளிப்படையாகச் சொன்னது. அது செய்தியானது, சொல்லாமல் இருப்பது அவ்வளவு பழக்கமாகிவிட்டது என்று அர்த்தம். புதுச்சேரி ரொமேன் ரோலண்ட் வீதியில் குளூனி கன்னியரின் பூத்தையல் கூடத்தில் வெள்ளைத் துணியில் வெள்ளை நூலால் மேசை விரிப்புகள் தைக்கிற பெண்களும், அடுத்தவர் வீட்டு விருந்துக்குத்தான் தைக்கிறார்கள்.

இதையெல்லாம் பண்பாடுகளின் சந்திப்பு என்று கண்காட்சிப் புத்தகங்களில் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் பேச்சில் நம்பிக்கை இல்லை. நடந்தது ஆர்டர். ஒருத்தர் வரைந்து கொடுத்தார், இன்னொருத்தர் தைத்துக் கொடுத்தார், நடுவில் ஒருத்தர் லாபம் பார்த்தார். அதற்காக அந்த வேலை இரண்டாம் தரமும் ஆகிவிடாது. கேட்ட ரோஜாவுக்குப் பதில் பியோனி தைத்தவருக்கு ரோஜா தெரியவில்லை என்று சிலர் எழுதுகிறார்கள். அவருக்குத் தெரிந்த நல்ல பூவை அவர் வைத்தார் என்று நான் எடுத்துக்கொள்கிறேன். ஆர்டருக்குள் அவருக்கு இருந்த இடம் அவ்வளவுதான், அதை அவர் விடவில்லை.

*

ஆடி ஐந்தாம் வெள்ளியன்று வீராம்பட்டினத்தில் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சு கவர்னர் வடம் பிடித்துத் தொடங்கிவைத்த வழக்கம் இப்போது துணைநிலை ஆளுநரிடம் வந்திருக்கிறது. தேரில் தொங்குகிற தொம்பைகளைப் பார்க்கவேண்டும்: சிவப்பு, மஞ்சள், வெள்ளை, பச்சைத் துணியை வெட்டி, ஒன்றின்மேல் ஒன்று வைத்துத் தைத்த வேலை. நூறடி தூரத்திலிருந்து, வெயிலில், கூட்டத்துக்கு நடுவே, ஆடிக்கொண்டு வரும்போது தெரியவேண்டும் என்று செய்தது. கேண்டன் ஊசிக்காரரிடம் காட்டினால் முரட்டு வேலை என்பார். பார்க்கிறவர் யார் என்று தெரிந்து செய்த வேலை.

*

கடைசியாக, வாங்க நினைப்பவர்களுக்கு. கிழக்குக் கடற்கரைச் சாலைப் பக்கத்துப் பழம்பொருள் கடைகளில், பிரெஞ்சுக்காரர் வீட்டிலிருந்து வந்தது என்று சொல்லிச் சட்டம் போட்ட சீனப் பட்டை யாராவது காட்டக்கூடும். சட்டத்தைக் கழற்றிப் பின்பக்கம் பாருங்கள். மாட்டேன் என்கிற கடையில் விலை கேட்கவேண்டாம். பின்பக்கம் தையல் எந்திர நூல் ஓடினால் பேச்சே இல்லை. பொன்னிழையில் காகிதம் இருக்கிறதா என்று கண்ணாடி வைத்துப் பாருங்கள். ஓரம் வெட்டப்படாமல் இருந்தால் அகலத்தை அளந்துகொள்ளுங்கள்: பழைய சீனத் தறிப் பட்டு முக்கால் மீட்டரை ஒட்டி வரும், அந்தக் காலத்து ஆங்கிலப் பட்டு அரை மீட்டர்தான். பளீரென்ற ஊதா நூல் தெரிந்தால் 1856-க்கு முந்தையது என்ற பேச்சை நம்பவேண்டாம். செயற்கை ஊதாச் சாயம் பிறந்ததே அந்த வருஷம்தான். டிராகன் போட்ட சீன அரசவை உடுப்பின் கைப்பட்டையை வெட்டிச் சட்டம் போட்டு, ஐரோப்பியருக்குச் செய்தது என்று விற்பார்கள். 1911-இல் அரசு கவிழ்ந்த பிறகு சந்தைக்கு வந்த உடுப்புகள் அவை, சொந்த ஊர்க்காரர் உடுத்தியவை. அழகானவைதான், ஆனால் வேறு சாதி.

வாங்கிவிட்டால், நம் கடற்கரைக் காற்றில் சுவரில் மாட்டாதீர்கள். மடித்தும் வைக்காதீர்கள்; மடிப்பில் பட்டு விட்டுப்போகும். அமிலமில்லாத காகிதத்தை நடுவே வைத்து உருளையில் சுருட்டி, துவைத்த பருத்தித் துணியால் போர்த்தி, மழைக்காலம் முடிந்ததும் ஒருதரம் வெயில் படாத அறையில் விரித்துப் பார்த்துக்கொண்டால் போதும். பூச்சி உருண்டை பட்டின்மேல் படக்கூடாது.